சுவருக்குள் ஓடும் இழையும் சுவரில் நிற்கும் பலகையும்

ஓர் இல்லம் எழுப்பும்போது எவற்றையெல்லாம் முன்கூட்டியே சிந்திக்கிறோம்! குடிநீர்க் குழாய் எங்கே, கழிவுநீர் எவ்வழி, மின்விளக்கின் பொத்தான் எந்தச் சுவரில் என்று கொத்தனாருடன் பலமுறை கலந்து பேசுகிறோம். ஆயினும் இன்று அவற்றுக்கு இணையாக வேண்டப்படும் இணையக் கம்பியை மட்டும் குடிபுகுந்த பின்னரே நினைக்கிறோம். விளைவு? சன்னல் வழியே ஒரு கம்பி, கதவிடுக்கில் ஒரு கம்பி, நடைபாதையில் காலை இடறும் ஒரு கம்பி!

இதனை அற்பச் செய்தியென ஒதுக்கிவிட இயலாது. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் பள்ளிக்கூடமே இல்லத்துக்குள் வந்து சேர்ந்ததை நாம் கண்டோம். வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையின் முகத்தைப் பிள்ளைகள் காண்பதும் இவ்வழியேதான். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைப்பதை இலக்காகக் கொண்டு டான்பிநெட் நிறுவனம் அமைக்கப்பட்டது. கண்ணாடியிழை வாசல்வரை வந்தாலும், வாசலுக்கு உட்புறம் செய்ய வேண்டிய ஏற்பாடு நம்முடைய பொறுப்பே அன்றோ?

தறி கற்பிக்கும் பாடம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்றது. பட்டு நெசவை அறிந்தது. காஞ்சி வட்டாரத்துத் தறியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாவு நெய்து முடிந்ததும், அச்சிலும் விழுதிலும் கோத்த இழைகளை நெசவாளர் உருவி எறிந்துவிடுவதில்லை. அவற்றின் நுனிகளை அங்கேயே விட்டுவைத்து, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றுடன் பிணைக்கின்றார். ஆயிரக்கணக்கான இழைகளை மீண்டும் கோக்கும் துன்பம் இதனால் நீங்குகின்றது.

வீட்டுக் கம்பிகளுக்கும் இதே நெறிதான். ஒவ்வோர் அறையிலிருந்தும் சுவருக்குள் வரும் கம்பியின் நுனி ஓரிடத்தில் நிலையாக நிற்க வேண்டும். அடிக்கடி மாற்றுவது வெளியிலுள்ள சிறு கம்பியாக இருக்க வேண்டும். அந்த நிலையான இடமே 'பேட்ச் பேனல்' எனப்படும் இணைப்புப் பலகை. 1882-இல் சென்னையில் தொடங்கிய தொலைபேசி நிலையம் போன்ற பழைய நிலையங்களிலும் சந்தாதாரர்களின் கம்பிகள் பலகையில் நிலையாக நின்றன. பணியாளர் சிறு கயிற்றுக் கம்பியால் ஒருவரை மற்றவருடன் இணைத்தார்.

சுவர்க்கம்பியையே நேரடியாகக் கருவியில் செருகினால் என்ன கேடு? சுவருக்குள் இடும் கம்பியின் உள்ளீடு ஒற்றைச் செம்பு இழையால் ஆனது. மீண்டும் மீண்டும் வளைத்தால் முறியும். முறிந்தால் சுவரை உடைக்க நேரிடும். பலகைக்கு முன்புறமுள்ள சிறு கம்பியோ பல நுண்ணிழைகளால் ஆனது, வளைவைத் தாங்கும், பழுதுற்றால் புதியது வாங்கிச் செருகலாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் ஓர் உண்மையைத் தெளிக. இப்பலகைக்கு மின்சாரம் தேவையில்லை; இது இணைய வேகத்தைக் கூட்டுவதும் இல்லை. ரௌட்டரும் சுவிட்சும் தனியே வேண்டும். ஒன்றிரண்டு இணைப்பு மட்டுமே உள்ள சிறு வீட்டுக்குப் பலகை வீண்செலவு. நான்கைந்து இணைப்புக்கு மேற்பட்டால்தான் இதன் பயன் புலப்படும்.

"வைஃபை போதாதோ?" என்று கேட்பீர்கள். கைப்பேசிக்குப் போதும். ஆனால் கனத்த செங்கற்சுவர்கள் அவ்வலையை நலிவுறச் செய்யும். நீண்ட வீட்டின் பின்னறையில் இன்னொரு வைஃபை கருவி வைப்பதற்கும் கம்பியே வழி.

இல்லங்களுக்கு 8 அல்லது 12 துளைகள் கொண்ட பலகை போதும். இன்றைய தேவைக்குமேல் இரண்டு மூன்று துளைகள் மிகுதியாக இருக்கட்டும். துளைகளைத் தனித்தனியே கழற்றி மாற்றத்தக்க 'கீஸ்டோன்' வகை நலம். ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். கம்பி கேட்-6 வகையாக இருக்கட்டும். காப்புறையிட்ட வகை, முறையான எர்த் இணைப்பு இருந்தால்தான் பயன் தரும். வீட்டுக்குச் சாதாரண யு.டி.பி. கம்பியே ஏற்றது.

கவனம்! அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பியும் கடையில் கிடைக்கிறது. அது எளிதில் முறியும். கேமராவுக்கு அதே கம்பியில் மின்சாரம் அனுப்பினால் கூடுதலாகச் சூடேறும். இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் அது முழுச் செம்பு அன்று. முழுச் செம்பையே கேட்டு வாங்குக.

பொருத்தும் முறை

வீட்டின் வரைபடத்தில் அறைதோறும் இணைப்பைக் குறியுங்கள். பலகைக்கு உலர்ந்த, காற்றோட்டமுள்ள, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடம் வேண்டும். குழித்தறி உள்ள வீட்டில், தறிக்குழியின் ஈரமும் இழைத்தூசியும் அணுகாத சுவரைத் தேர்க. அருகே மின்பொத்தான் பலகை இருந்தால் ரௌட்டருக்கும் சுவிட்சுக்கும் உதவும்.

இணையக் கம்பியும் மின்கம்பியும் ஒரே குழாயில் செல்லலாகாது. இணையாகச் செல்லும் இடத்தில் ஓரடி இடைவெளி விடுவது நன்று. குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும். பலகையிலிருந்து அறைவரை சுவர்க்கம்பி 90 மீட்டருக்கு மிகலாகாது என்பது விதி. நம் வீடுகளில் அவ்வளவு நீளம் அரிது. கம்பியைக் கூர்மையாக மடிப்பதும் வலிந்து இழுப்பதும் கூடா.

இழுப்பதற்கு முன்பே இரு முனைகளிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டுக. கம்பிக்குள் எட்டு இழைகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். இடையூற்றைத் தடுப்பது அம்முறுக்கே; ஆதலால் நுனியில் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். பலகையில் 'ஏ', 'பி' என இரு வண்ண வரிசைகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்றைத் தேர்ந்து இரு முனைகளிலும் அதையே பின்பற்றுக. அதற்குரிய அழுத்துக் கருவியால் இழையைப் பள்ளத்தில் பதித்தால், மிகுதி நுனி தானே வெட்டுண்டு விழும். சுவரைப் பூசுமுன் ஒவ்வொரு கம்பியையும் சோதனைக் கருவியால் பாருங்கள். எட்டு விளக்குகளும் வரிசையாக எரிய வேண்டும்.

பெற்றோர் கையில் ஒரு சாவி

பெயரிட்ட பலகை, பழுதறிய மட்டும் அன்று. இரவு பத்து மணிக்குப் பின் படிப்பறைக் கணினிக்கு இணையம் வேண்டாம் எனக் கருதினால், அவ்வறைக்குரிய சிறு கம்பியைக் கழற்றினால் போதும்; மற்ற அறைகளுக்கு இடையூறில்லை. வைஃபைக்கு வேறு கட்டுப்பாடு வேண்டும் என்பதை மறவற்க. பணியாளரை நாடாமல் இல்லத்தரசியே இதைச் செய்யலாம்.

புதுவீடு கட்டுவோர் இன்றைக்கே பலகை வாங்க இயலாவிடினும், வெற்றுக் குழாய்களையேனும் சுவருக்குள் பதித்து வையுங்கள். பூச்சுக்கு முன் செலவிடும் சில நூறு ரூபாய், பின்னாளில் சுவரை உடைக்கும் துன்பத்திலிருந்து உங்களைக் காக்கும்.