25 மொழிகள் கேட்கும்... ஒரு வரி கூட புரியாது! 1984-ல் வந்த ஃப்ரெஞ்ச் ஆல்பம் 'ஜூலுக்' எப்படி உருவானது?

ஆல்பம் முழுக்க மனிதக் குரல்கள். அரபி, சீனம், ஜப்பானியம், ரஷ்யன், துருக்கி, கெச்சுவா, மலகாசி என 25 மொழிகள். ஆனால் எந்த மொழிக்காரர் கேட்டாலும் ஒரு வாக்கியம் கூட முழுசா புரியாது. காரணம், அங்கே யாரும் பாடவில்லை. அவர்கள் பேசியதை துண்டு துண்டாக நறுக்கி, கீபோர்டு கட்டைகளில் ஏற்றி, வயலின் போல, டிரம்ஸ் போல வாசித்திருக்கிறார் ஒருவர்.

1984 நவம்பரில் வெளியான அந்த ஆல்பத்தின் பெயர் 'ஜூலுக்'. செய்தவர் ஃப்ரான்ஸின் எலக்ட்ரானிக் இசைக் கலைஞர் ழான் மிஷேல் ழார்.

யார் இந்த ழார்?

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்துக்கு இசையமைத்த மாரிஸ் ழாரின் மகன். ஆனா அப்பாவின் நிழலில் வளர்ந்தவர் இல்லை. சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். 1976-ல் பாரிஸ் வீட்டிலேயே சிந்தசைசர்களை வைத்துக்கொண்டு அவர் பதிவு செய்த 'ஆக்சிஜன்' உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்தது. 1981-ல் சீனாவுக்குப் போய் கச்சேரி நடத்தினார். அதே பாணியில் இன்னும் நாலு ஆல்பம் போட்டிருந்தாலும் ஓடியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை.

அதற்கான விதை 1960-களின் கடைசியிலேயே விழுந்துவிட்டது. அப்போது அவர் பியர் ஷேஃபர் என்பவரின் இசை ஆராய்ச்சிக் குழுவில் மாணவர். இந்த ஷேஃபர் ஃப்ரெஞ்ச் வானொலியில் வேலை பார்த்தவர். 1948-லேயே ரயில் எஞ்சின் சத்தத்தைப் பதிவு செய்து, இசைத்தட்டில் அதை மாற்றி மாற்றி ஓடவிட்டு, 'இதுவும் இசைதான்' என்று வானொலியில் ஒலிபரப்பினார். எந்தச் சத்தத்தையும் அது வந்த இடத்திலிருந்து பிரித்து, வெறும் ஒலியாகக் கேட்கலாம் என்பதுதான் அவர் பாடம். ஷேஃபருக்கு ரயில் என்றால், ழாருக்கு மனிதப் பேச்சு.

குரலை எப்படி கீபோர்டில் வாசிப்பது?

இங்கேதான் அந்த மெஷின் வருகிறது. பெயர் ஃபேர்லைட் சிஎம்ஐ. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்ற இரண்டு பேர் உருவாக்கி, 1979-ல் வெளியிட்ட கம்ப்யூட்டர் இசைக்கருவி. சிட்னி துறைமுகத்தில் ஓடிய ஒரு படகின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்! ஒரு கீபோர்டு, பச்சை எழுத்து மின்னும் ஒரு திரை, திரையில் தொட்டு வரைய ஒரு ஒளிப்பேனா, தட்டு சைஸில் 8 அங்குல ஃப்ளாப்பி. அந்தக் காலத்தில் ஒரு வீடு வாங்கும் விலை என்பார்கள்.

சாதாரண சிந்தசைசர் ஒலியை மின்சாரத்தில் இருந்து உருவாக்கும். ஃபேர்லைட் வெளி உலகத்தின் ஒலியை மைக் வழியாகப் பிடித்து நினைவில் வைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் சாம்ப்ளிங்.

ஒரு உதாரணம் பார்ப்போம். நீங்கள் மைக்கில் "வாங்க" என்று சொல்கிறீர்கள். அதில் 'வா' மட்டும் வெட்டி எடுக்கிறோம். இப்போது கீபோர்டில் நடுக்கட்டையை அழுத்தினால் உங்கள் 'வா' அப்படியே வரும். வலது பக்கம் போகப் போக அதே 'வா' வேகமாக ஓடி கீச்சுக் குரலாகும். இடது பக்கம் போனால் மெதுவாகி, குகைக்குள் யாரோ முனகுவது போல் ஆகும். மிச்சம் இருக்கும் 'ங்க' இருக்கிறதே, அதைத் தாளத்துக்குத் தட்டலாம். இலக்கண பாஷையில் சொன்னால் எழுத்து மட்டும் மிஞ்சும், சொல் போய்விடும், பொருள் சுத்தமா இருக்காது!

இத்தனைக்கும் அந்த மெஷினின் நினைவகம் எவ்வளவு தெரியுமா? ஒரு குரலுக்கு 16 கிலோபைட். உங்கள் போனில் காலையில் வந்து விழும் ஒரு குட் மார்னிங் படம் இதைவிடப் பல மடங்கு பெரிசு. சுமாரான தரத்தில் பதிந்தால் ஒரு நொடி, கொஞ்சம் தெளிவாக வேண்டும் என்றால் அரை நொடி. அவ்வளவுதான் கொள்ளும். ஒரே நேரத்தில் 8 குரல்கள் ஒலிக்கும். அதுவும் 8 பிட், அதாவது ஒலியின் ஏற்ற இறக்கம் மொத்தமும் 256 படிகளுக்குள் அடங்கியாக வேண்டும். அதனால் பதிவான குரலில் ஒரு சொரசொரப்பு, மூச்சு கலந்த கரகரப்பு ஒட்டிக்கொள்ளும்.

நியாயமாகப் பார்த்தால் இது குறை. ஆனால் 'ஜூலுக்'கின் அழகே அந்தக் குறைதான் என்று தோன்றுகிறது. நீளமாகப் பேச இடமில்லாததால் துண்டுகளை வைத்துத்தான் கட்ட வேண்டும். தெளிவு இல்லாததால் அது மனிதனா, மிருகமா, மெஷினா என்ற சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். முதல் பாட்டான 11 நிமிஷ 'எத்னிகலர்' கேட்டுப் பாருங்கள். இழுத்து நீட்டப்பட்ட குரல்கள் எங்கிருந்தோ கூப்பிடும் மிருகங்கள் மாதிரி வரும். போன் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

மெஷின் மட்டும்தானா?

இல்லை. 'ஆக்சிஜன்' ஏறக்குறைய தனி ஆள் வேலை. இதில் பாஸ் கிட்டார் மார்கஸ் மில்லர், கிட்டார் அட்ரியன் பெலூ, டிரம்ஸ் யோகி ஹார்ட்டன் என்று அமெரிக்க இசைக்கலைஞர்கள் வந்தார்கள். நறுக்கிய குரல்களுக்கு அடியில் சதையும் ரத்தமுமாக ஒரு தாளம் ஓடுவது இவர்களால்தான். 'டிவா' என்ற பாட்டில் லாரி ஆண்டர்சன் குரல் கொடுத்திருக்கிறார். அதுவும் எந்த மொழியும் இல்லை, கற்பனைப் பேச்சு.

ஒரே ஒரு காப்பி ஆல்பம்

'டிவா'வுக்குப் பின்னால் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. 1983-ல் பாரிஸில் சூப்பர்மார்க்கெட்டை மையமாக வைத்து ஓவியர்கள் நடத்திய ஒரு கண்காட்சிக்கு ழார் இசை அமைத்தார். ஓவியம் என்றால் ஒரே ஒரு பிரதிதான், இசைக்கு மட்டும் ஏன் லட்சம் பிரதி என்று கேட்டு, அந்த ஆல்பத்தை ஒரே ஒரு இசைத்தட்டாக அச்சடித்தார். மூலப் பதிவுகளை அழித்துவிட்டார். ட்ரூவோ ஏல மையத்தில் அது 69,000 ஃப்ராங்குக்குப் போனது. வானொலியில் ஒரே ஒரு முறை முழுதாக ஒலிபரப்பி, 'திருட்டு காப்பி எடுத்துக்கோங்க' என்று நேயர்களிடம் அவரே சொன்னார்! இன்று சுற்றுவது எல்லாம் அன்று ரேடியோவில் இருந்து எடுத்த இரைச்சலான பதிவுகள். அந்த இசையின் சில பகுதிகள்தான் மறு உருவெடுத்து 'டிவா'விலும் 'ப்ளா ப்ளா கஃபே'யிலும் வந்தன.

'ஜூலுக்' 'ஆக்சிஜன்' அளவுக்கு விற்கவில்லை. ஆனால் 1985-ல் ஃப்ரான்ஸின் பெரிய இசை விருதான 'விக்டுவார் த லா மியூசிக்', சிறந்த வாத்திய இசை ஆல்பத்துக்காக இதற்குக் கிடைத்தது.

அந்தக் குரல்கள் யாருடையவை?

இனவியல் ஆய்வாளர் சாவியர் பெலாஞ்செ போன்றவர்களின் உதவியோடு பல நாட்டுப் பேச்சுகள் சேகரிக்கப்பட்டன. ஆல்பத்தில் அந்த 25 பெயர்களின் பட்டியலும் இருக்கிறது. அதைப் பார்த்தால்தான் ஒரு நெருடல். 'எஸ்கிமோ', 'பிக்மி' என்று இருக்கிறது. இவை மொழிகளின் பெயர்களே இல்லை, மக்களுக்கு வெளியார் வைத்த பெயர்கள். அடுத்து, 'இந்தியன்' என்றும் ஒன்று. எந்த இந்தியன்? இந்தியா என்றால் தமிழா, இந்தியா, வங்கமா? அந்த ஒரு சொல்லில் இருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை.

பொருளைக் கழற்றிவிட்டு ஒலியை மட்டும் எடுப்பதுதான் இந்த ஆல்பத்தின் யோசனை என்பதால், இது தற்செயல் என்று ஒதுக்கவும் முடியவில்லை. அரை நொடி 'ஆ'வுக்கு மொழி எதற்கு, ஊர் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். சில நொடிப் பேச்சை வைத்து ஒரு ஆளின் முழுக் குரலையே ஏஐ உருவாக்கும் இன்று, அந்தக் கேள்வியை அவ்வளவு லேசாகக் கேட்க முடியாது.

பாஸ் வாசித்தவருக்கும் டிரம்ஸ் வாசித்தவருக்கும் ஆல்பத்தில் பெயர் இருக்கிறது. பேசியவர்களுக்கு இருப்பது அந்த மொழிப் பட்டியல்.