காத்திருக்கும் படுக்கைகள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகர மருத்துவமனையில் 2005இல் கொடிய தொற்றுநோய்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. அறைக்காற்று வெளியே பரவாதவாறு உள்ளழுத்தம் குறைத்து வைக்கப்படும். வெளியேறும் காற்று நுண்வடிகட்டிகளில் தூய்மையாகும். கழிவுகள் உயரழுத்த நீராவியில் கிருமி நீங்கிய பின்னரே வெளிச்செல்லும். எபோலா நோயாளி எவரும் வராத ஆண்டுகளிலும் பணியாளர்கள் பாதுகாப்பு உடையை அணியவும், அதனினும் ஆபத்தான களைதலையும் இடைவிடாது பயின்றனர்.

2014இல் மூன்று எபோலா நோயாளிகள் அங்குக் கொண்டுவரப்பட்டனர். இருவர் நலம் பெற்றனர். மிகவும் கவலைக்கிடமான நிலையில் வந்த ஒருவர் இறந்தார். பணியாளர் எவருக்கும் நோய் தொற்றவில்லை. அதே ஆண்டில் டல்லஸ் நகரில், இத்தகைய பிரிவு இல்லாத மருத்துவமனை ஒன்றில், எபோலா நோயாளியைப் பராமரித்த செவிலியர் இருவருக்குத் தொற்று ஏற்பட்டது.

வெறுமையாய்க் கிடக்கும் படுக்கைக்குச் செலவு எதற்கு என்பார்க்கு இவ்வேறுபாடே விடை. அந்த அனுபவத்தைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி மையமும் 2015இல் உருவானது.