மின்சாரம் போன பின் வந்த எச்சரிக்கை

அமெரிக்காவில் 2011 ஏப்ரல் 25 முதல் 28 வரை வீசிய டொர்னாடோ சுழற்காற்றுகள் சுமார் 360. அவற்றுக்குப் பலியானோர் 320க்கும் மேற்பட்டோர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏப்ரல் 27 என்ற ஒரே நாளிலும், அதிலும் 230க்கும் அதிகமானோர் அலபாமா என்ற ஒரே மாநிலத்திலும் மாண்டனர். வானிலை முன்கணிப்புத் துறையினர் இந்த நாளைத் தம் அறிவியலின் தோல்வியாகக் கருதுவதில்லை; கருதுவதற்கு நியாயமும் இல்லை. ஆபத்துக்குரிய பகுதி சில நாட்களுக்கு முன்பே வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. அன்று அதிகாலையிலேயே மிக உயர்ந்த அபாய நிலை அறிவிக்கப்பட்டுவிட்டது. உள்ளூர் எச்சரிக்கைகள் சராசரியாக 20 நிமிடங்களுக்கும் அதிகமான அவகாசத்துடன் வெளியாயின. ராடார் மழையின் அடர்த்தியை மட்டுமே காட்டக்கூடியதாக இருந்த காலத்தில், 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 148 சுழற்காற்றுகள் வீசி 300க்கும் அதிகமானோரைக் கொன்றன. அதன் பின் 37 ஆண்டுகள் கழித்தும், இத்தனை கருவிகள் வந்த பிறகும், பலி ஏறக்குறைய அதே அளவில் நின்றது ஏன் என்ற கேள்விக்கான விடையை ராடார் திரையில் தேடுவதைவிட மின்கம்பங்களில் தேடுவதே பொருத்தமானது.

முன்கணிப்பாளர் உண்மையில் கணிப்பது சுழற்காற்றை அல்ல, அது பிறப்பதற்கேற்ற சூழலை. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரமான வெப்பக்காற்று தரையை ஒட்டியும், அதற்கு மேலே குளிர்ந்த காற்றும் இருக்கும்போது, மேலெழத் தொடங்கும் காற்றுக்கு மிதப்பாற்றல் கிடைக்கிறது. கிலோகிராமுக்கு இத்தனை ஜூல் என்று அளக்கப்படும் இந்த ஆற்றல் அன்று பிற்பகலில் 2,000ஐத் தாண்டியிருந்தது. இதனுடன், உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறிக்கொண்டே போகும் நிலையும் சேர்ந்தால், மேலெழும் காற்றுத்தூணே சுழலத் தொடங்கி, சூப்பர்செல் எனப்படும், பல மணி நேரம் உயிரோடிருக்கும் இடிமேகம் உருவாகிறது. இவ்விரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் உச்சத்தை எட்டுவது அரிது; அன்று எட்டின. அதனால்தான் பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன் அலபாமாவின் பெரும்பகுதிக்கு வெளியான கண்காணிப்பு அறிவிப்பு, அதாவது அடுத்த சில மணி நேரங்களில் பரந்த ஒரு பரப்பில் சுழற்காற்று உருவாகும் வாய்ப்பைச் சொல்லும் அறிவிப்பு, கடும் சுழற்காற்றுகளுக்கான வாய்ப்பை 95 சதவீதத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டது. எதையும் தயக்கத்தோடு சொல்லிப் பழகிய ஒரு துறையில் இப்படியொரு எண் எழுதப்படுவதே அபூர்வம்.

கண்காணிப்பு அறிவிப்புக்கு அடுத்த படியான எச்சரிக்கை, சுழற்சி கண்ணுக்கோ ராடாருக்கோ தென்பட்ட பிறகு, அது செல்லக்கூடிய பாதையைச் சிறு பலகோணமாக வரைந்து, உடனே பதுங்கச் சொல்வது. டாப்ளர் ராடார், மழைத்துளிகள் தன்னை நோக்கி வருகின்றனவா, விலகிச் செல்கின்றனவா என்று அறியும். இவ்விரு திசைகளும் அருகருகே தென்படும் இடத்தில் மேகம் சுழல்கிறது என்று பொருள். பிய்த்தெறியப்பட்ட கூரைத் தகடுகளையும் மரக்கிளைகளையும் மழையிலிருந்து பிரித்துக் காட்டும் இரட்டை முனைவாக்க ராடார், 2013க்குள் நாடு முழுவதும் நிறுவப்பட்டது. 2011 ஏப்ரல் 27 அன்றே வட அலபாமாவில் ஓர் ஆய்வு ராடாரில் அந்த வசதி இருந்தது. தொடர்ந்து கண்காணிப்பதில் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் ஏப்ரல் 27இல் முதலில் வந்தவை அந்தச் சூப்பர்செல்கள் அல்ல. விடிவதற்கு முன்பே, மிசிசிப்பியிலிருந்து நீண்ட வரிசையாக நகர்ந்து வந்த இடிமேகங்கள், நேர்கோட்டில் வீசும் பலத்த காற்றோடும் பல சிறு சுழற்காற்றுகளோடும் அலபாமாவைக் கடந்து சென்றன. வழக்கமாக இத்தகைய காலைப் புயல் காற்றைக் குளிரவைத்து, பிற்பகலின் ஆபத்தைத் தணித்துவிடக்கூடும் என்பதால், முன்கணிப்பாளர்களுக்கு இது எப்போதுமே தலைவலிதான். அன்றோ மேகம் விலகி வெயில் அடித்தது, தரைக்காற்று மீண்டும் சூடேறியது. அறிவியல் கட்டுரைகள் இந்தக் காலைப் புயல்கள் விட்டுச்சென்ற குளிர்காற்றின் எல்லைக்கோடுகளைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. சாதாரண மனிதருக்கு அவை விட்டுச்சென்றது வேறொன்று: மரங்கள் மின்கம்பிகளின் மேல் சாய்ந்து, லட்சக்கணக்கானோருக்கு மின்சாரம் நின்றது; வானிலை எச்சரிக்கைகளைத் தனி அலைவரிசையில் ஒலிபரப்பும் வானொலி நிலையங்கள் சில ஊமையாயின; தொலைக்காட்சியும் இணையமும் பல வீடுகளில் இல்லாமல் போயின. ஆக, பிற்பகலின் கொலைகாரச் சுழற்காற்றுகளுக்கான எச்சரிக்கையைச் சுமந்து செல்ல வேண்டிய வழிகளில் ஒரு பகுதியைக் காலைப் புயலே அறுத்துவிட்டிருந்தது.

இதன் முழு விளைவு புரிய, எச்சரிக்கையைக் கேட்ட மனிதர் என்ன செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அதே ஆண்டு மே 22இல் மிசௌரி மாநிலத்தின் ஜோப்லின் நகரில் 158 பேரைக் கொன்ற சுழற்காற்றுக்குப் பின் நடந்த விசாரணைகள் தெளிவாக்கியது இது: சைரன் ஒலித்ததும் பலர் உடனே பதுங்கவில்லை, தொலைக்காட்சியைப் போட்டார்கள், உறவினருக்குத் தொலைபேசினார்கள், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், இரண்டாவது சான்று கிடைத்த பின்னரே நகர்ந்தார்கள். இதை அலட்சியம் என்று கண்டிப்போர் உண்டு. சுழற்காற்று எச்சரிக்கைகளில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பொய்த்துப்போகும் நாட்டில் அதை அலட்சியம் என்பது கடுமையான தீர்ப்பு. முதல் எச்சரிக்கை ஏதோ ஒரு வழியில் வந்து சேர்ந்துவிடும். மின்வெட்டு பறிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது சான்றைத்தான். மின்சாரம் இல்லாத வீட்டில் எஞ்சுவது வானம் மட்டும், அதுவும் குன்றுகளும் பைன் காடுகளும் அடிவானத்தை மறைக்கும் அலபாமாவில், மழைத்திரைக்குள் ஒளிந்து வரும் சுழற்காற்றைக் கண்ணால் உறுதிசெய்ய நினைப்பது பெரும்பாலும் வீண்.

ஏப்ரல் 27 மாலை அலபாமாவின் டஸ்கலூசா நகரை நெருங்கிய சுழற்காற்றைக் கோபுரக் கேமராக்கள் தொலைக்காட்சி நேரலையில் காட்டின. தரையைத் தொட்டபடி ஏறக்குறைய 130 கிலோமீட்டர் ஓடி 60க்கும் அதிகமானோரைக் கொன்ற அந்தச் சுழற்காற்றைக் கண்ணெதிரே பார்த்ததால்தான் நிலவறைக்கு ஓடினோம் என்று உயிர்பிழைத்தவர்கள் பலர் சொன்னதில் வியப்பில்லை. திரை இருளாகிக் கிடந்த வீடுகளில் இந்த வாய்ப்பு இல்லை. வடமேற்கே ஹேக்கிள்பர்க், ஃபில் கேம்பல் ஆகிய சிற்றூர்களை அழித்து 72 பேரைப் பலிகொண்ட சுழற்காற்று, சேதத்தைக் கொண்டு காற்றின் வேகத்தை மதிப்பிடும் மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோலில், மணிக்கு 322 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைக் குறிக்கும் ஐந்தாம் படியில் வைக்கப்பட்டது. அன்று அந்தப் படியை எட்டியவை நான்கு. ஹேக்கிள்பர்க்கை அழித்த சுழற்காற்று உயர் அழுத்த மின்கோபுரங்களையும் சாய்த்ததால், ஹன்ட்ஸ்வில் பகுதி முழுவதும் நாள்கணக்கில் இருளில் கிடந்தது. டென்னசி ஆற்றங்கரையில் உள்ள அணுமின் நிலையத்துக்கு வெளி மின்சாரம் நின்றதும், அதன் மூன்று உலைகளும் தாமாகவே அணைந்து, டீசல் ஜெனரேட்டர்கள் இயங்கத் தொடங்கின. மின்சாரம் போகக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப்பார்த்து, அதற்கு மாற்றை வைத்திருந்த இடம் அது.

அஸ்திவாரம் இன்றி, லாரியில் கொண்டுவந்து நிறுத்தப்படும் மொபைல் ஹோம்களில் வாழ்வோரே இறப்போரில் பெரும் பங்கினர் என்றும், அவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் பாதுகாப்பறை ஆகாது என்றும் ஒரு சாரார் வாதிடுவதில் உண்மை இருக்கிறது. எனினும் பாதுகாப்பறை கட்டப் பணமும் காலமும் வேண்டும். பேட்டரியில் இயங்கும் வானொலிக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

பின்வந்த ஆண்டுகளில் நிகழ்ந்த பெரிய மாற்றமோ மின்வெட்டைப் பற்றிய இந்தக் கவலையைக் கூட்டவே செய்கிறது. 2012 முதல் எச்சரிக்கைகள் கைபேசிகளுக்கே நேராக அனுப்பப்படுகின்றன. அதே ஆண்டில், ‘உயிர்பிழைப்பது அரிது’ என்ற தொனியில் விளைவையே வெளிப்படையாகச் சொல்லும் எச்சரிக்கை வாசகங்களின் சோதனையும் தொடங்கியது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் கைபேசி நிற்பது கோபுரத்தின் தயவில், கோபுரம் நிற்பது மின்சாரத்தின் தயவில். மாற்று மின்கலம் இருந்தாலும் அது ஏதோ சில மணி நேரத்துக்குத்தான். பழைய சைரன்களைப் பராமரிப்பது வீண்செலவு என்ற எண்ணம் இப்போது பல ஊர்களில் வலுப்பெறுவதைக் காணும்போது, பல வழிகளில் வந்துகொண்டிருந்த எச்சரிக்கை ஒரே கம்பியில் வந்து தொங்குகிறதோ என்று தோன்றுகிறது. ஒரு பகுதியின் கோபுரங்கள் எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த வானொலி நிலையத்தில் ஜெனரேட்டர் இல்லை, எந்த ஊரின் சைரன் மின்வெட்டில் வாய் திறக்காது என்ற பட்டியல், காலைப் புயல் கடந்துபோன ஒவ்வொரு முறையும் முன்கணிப்பாளரின் மேசையில் ராடார் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.