பொருந்துவது வேறு, ஓடுவது வேறு

1997, 98 வாக்கில் சென்னை ரிட்சி தெருவில் அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்குக் கொட்டேஷன் கேட்டால், கடைக்காரர் ஒரு துண்டுத் தாளில் ப்ராசசர், மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் என்று வரிசையாக எழுதி, அடியில் மொத்தத்தைப் போட்டு நீட்டுவார். வாங்குபவர் பேரம் பேசுவார். எதோடு எது சேரும் என்று கேட்கமாட்டார். அது கடைக்குள்ளே ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கும் பையனின் கவலை.

லேசான கவலையில்லை அது. அன்றைய சாக்கெட் 7 போர்டில் இன்டெல் பென்டியமும் உட்காரும், ஏஎம்டி கே6-உம் உட்காரும், சைரிக்ஸும் உட்காரும். இன்டெல்லும் ஏஎம்டியும் ஒரே சாக்கெட்டைப் பங்குபோட்டுக்கொண்ட அந்தத் தாராளம் பிறகு திரும்பவேயில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் போதாது. எத்தனை வோல்ட், என்ன வேகம் என்பதை, போர்டில் நிற்கும் ஊசிகளில் ஜம்பர் மாட்டித்தான் சொல்லவேண்டும். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை இரண்டரையால் பெருக்கும்படி வைத்தால் 166. பழைய பென்டியத்துக்கு 3.3 வோல்ட், எம்எம்எக்ஸ் வந்ததும் 2.8, கே6-2 என்றால் 2.2. போர்டோடு வந்த சின்னப் புத்தகத்தில் அந்த அட்டவணை இருக்கும். ஒரு வரி மாற்றிப் பார்த்தால் ப்ராசசர் சூடேறிப் போய்ச்சேரும்; போர்டு எந்த மறுப்பும் சொல்லாது.

பவர் சப்ளையும் அப்படித்தான். ஏடி வகை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரே மாதிரி இரண்டு பிளக்குகள் வரும். இடம் மாற்றிச் செருகினாலும் பல போர்டுகளில் உள்ளே போய்விடும், போர்டு காலி. ‘கறுப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் நடுவில் சேரணும்’ என்பதுதான் கற்றுக்கொள்பவனுக்குச் சொல்லப்படும் முதல் பாடம். ஹார்ட் டிஸ்க்குக்கு மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர். சவுண்ட் கார்டு 5ஆம் நம்பர் ஐஆர்க்யூவைக் கேட்கும். அதை வேறொரு கார்டு முன்பே பிடித்திருந்தால் பாட்டு வராது.

இன்று இந்தக் கைத்தவறுகளுக்குப் பெரும்பாலும் வழியில்லை. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு ராமுக்கும் 288 முனைகள். ஆனால் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. சாட்டா கேபிளைத் திருப்பிச் செருக முடியாது. தனக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று ப்ராசசரே போர்டிடம் சொல்லிக்கொள்கிறது. மாறாதது ஒன்று உண்டு: கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தினால், ராமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் முனைகளைத் தேய்த்து மறுபடி மாட்டுவது.

இத்தனை தடுப்பு வந்தும் தப்பு ஒழிந்துவிடவில்லை. மாட்டும்போது நடந்தது இப்போது காசு கொடுக்கும்போதே நடந்துவிடுகிறது. 2017ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் இன்டெல்லின் ஏழாம் தலைமுறையும் அதற்கான இசட்270 போர்டும் வந்தன. அக்டோபரில் எட்டாம் தலைமுறை. சாக்கெட்டின் பெயர் இரண்டுக்கும் எல்ஜிஏ 1151தான், பழைய போர்டில் புதிய ப்ராசசர் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஓடாது. இசட்370 வாங்கியாகவேண்டும். மின்சாரம் தரும் முனைகளை மாற்றியமைத்ததுதான் காரணம் என்றது இன்டெல். போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸைத் திருத்திப் பழைய போர்டிலேயே ஓட்டிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதால், அந்த விளக்கத்தை நான் முழுசாக நம்பவில்லை.

அடுத்து இடமும் மின்சாரமும். அன்று மொத்த கம்ப்யூட்டருக்கும் 200, 235 வாட் எஸ்எம்பிஎஸ் தாங்கியது. 2022இல் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே 450 வாட் கேட்கிறது. என்விடியாவின் சொந்த மாடலின் நீளம் 304 மில்லிமீட்டர். கேபினெட்டின் முன்பக்க ஃபேன் வரை அளந்து பார்க்காமல் வாங்கினால் பக்கக் கதவைத் திறந்தபடியே உட்கார்ந்து யோசிக்கவேண்டியதுதான். கூலரின் உயரத்தையும் இதே போல அளக்கவேண்டும்.

இந்தச் சரிபார்ப்பில் பெரும்பங்கைப் பிசிபார்ட்பிக்கர் மாதிரியான தளங்கள் செய்துவிடுகின்றன. பையன்கள் போனில் பட்டியலோடு கடைக்கு வருகிறார்கள். விலை மட்டும் கேட்கிறார்கள். பட்டியலில் பச்சை விழுந்தாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: கடை ரேக்கில் இருக்கும் அந்தப் போர்டில் எந்த பயாஸ்? ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டு ஒன்று ரைசன் 5000 ப்ராசசர்கள் வருவதற்கு முன்பே பெட்டியில் அடைக்கப்பட்டிருந்தால், அந்த ப்ராசசரை அதற்கு அடையாளம் தெரியாது. திரை கறுப்பாகவே இருக்கும். ப்ராசசர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் சில போர்டுகளில் உண்டு. இல்லாதவற்றுக்குக் கடைக்காரர் பழைய ப்ராசசர் ஒன்றை இரவல் மாட்டித்தான் ஏற்றித் தரவேண்டும்.

ஆனாலும் அந்த ஏஎம்4தான் இந்தத் தலைமுறையில் தாராளமாக நடந்துகொண்ட சாக்கெட். 2017இல் பி350 போர்டு வாங்கியவர், பயாஸை மாற்றி, 2022இன் ரைசன் 7 5800எக்ஸ்3டியை அதே போர்டில் ஓட்ட முடிந்தது. வரிசை முக்கியம்: பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை ஏற்றிவிட்டு, அதன் பிறகு கழற்றவேண்டும். பயாஸ் சிப்பில் இடம் போதாத சில போர்டுகளில், புதியதைச் சேர்ப்பதற்காகப் பழைய ப்ராசசர் சிலவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.