வெறுந் துப்பாக்கி

கருவிகளுட் பல, கையாள்வார் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்வன. எழுத்துப் பிழைத்தால் அழித்தெழுதலாம்; பந்து தவறினால் மறுமுறை எறியலாம். துப்பாக்கியோ அத்தகையதன்று. விசையை ஒருமுறை இழுத்தபின் வருந்துதற்கு இடமுண்டேயன்றித் திருத்துதற்கு இடமில்லை. ஆதலின், அதனைப் பயில்வோன் குறிபார்க்கக் கற்குமுன்னர்க் காவல் கற்றல் வேண்டும். அக்காவல் முறைகளை, அமெரிக்க நாட்டில் வழங்கும் 'டிராப்' என்னும் விளையாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

'டிராப்' என்னும் ஆங்கிலச் சொற்குப் பொறி என்பது பொருள். பொறிப்பெட்டிகளில் அடைத்த புறாக்களைத் திறந்துவிட்டுச் சுடும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இருந்தது. பின்னர் 1880-ஆம் ஆண்டில், சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பார் புறாவுக்கு ஈடாக மண் தட்டினை அமைத்தார். இக்காலத்துத் தட்டு, சுண்ணக்கல் தூளும் கீலும் கலந்து வார்க்கப்படுவது. ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் அகலமுடையது. தாழ்ந்த சிறு மனையொன்றினுள் இருக்கும் பொறி அதனை வெளியே வீசும். அதற்கு 16 கஜம் பின்னே, பிறைபோல் அமைந்த ஐந்து நிலைகளில் நிற்போர் முறையே சுடுவர். நிலைக்கு ஐந்தாக ஒருவர்க்கு 25 தட்டுக்கள். ஐவர் அருகருகே ஆயுதத்தோடு நின்று நிலை மாறும் விளையாட்டாதலின், ஒருவன் பிழை நால்வர்க்குக் கேடாகும்.

முதல் விதி யாதெனின், வெறுந் துப்பாக்கி என்பதொன்று உலகில் இல்லை எனக் கொள்ளுதல். எதனையும் தோட்டா உடையதாகவே கருதிக் குழல்வாயை ஒருபோதும் மனிதர்பால் திருப்பலாகாது. சுடும் நொடி வரும்வரை விரல் விசையைத் தீண்டலாகாது. இவற்றுள் ஒன்று தவறினும் மற்றொன்று காக்கும். விரல் வழுவி வெடித்தாலும், குழல்வாய் வெறுவெளியை நோக்கியிருப்பின் உயிர்ச்சேதம் இல்லை. தடுப்புப் பூட்டையே நம்பியிருத்தல் கூடாது; அது பழுதுறுதல் கூடும்; டிராப் துப்பாக்கிகள் பலவற்றில் அஃது இல்லவேயில்லை.

இரண்டாவது, தன் நிலையில் நின்றபின்னரே தோட்டா இடுதல். தன் முறை வந்தபின்னரே துப்பாக்கியை மூடுதல். நிலை மாறும்போது தோட்டாவை நீக்கித் திறந்தபடியே ஏந்திச் செல்லல் வேண்டும். திறந்த துப்பாக்கியைக் கண்ட அளவிலே மற்றையோர் அச்சம் நீங்குவர். வலக்கோடியாகிய ஐந்தாம் நிலையில் நின்றவர் வலப்புறமே திரும்பி, ஏனையோர் பின்னே நடந்து முதல் நிலை அடைவர். இடப்புறம் திரும்பின், குழல்வாய் அருகில் நிற்போர்மேற் செல்லும்.

மூன்றாவது, உரிய தோட்டாவையன்றிப் பிறிதொன்றைப் பையில் வையாமை. குழலின் அளவைக் குறிக்கும் எண் மிகுந்தால் குழல் சிறுக்கும். 12-ஆம் எண் துப்பாக்கியில் 20-ஆம் எண் தோட்டாவை மறதியால் இட்டால், அது முன்னே நழுவிக் குழலினுட் சிக்கும். தோட்டா அறை காலியாகத் தோன்றவே, சுடுவோன் உரிய தோட்டாவை அதன் பின்னே இட்டு விசையை இழுப்பான். குழல் வெடித்து அவன் கையே சிதையும். இதனைத் தவிர்த்தற்பொருட்டே அமெரிக்காவில் 20-ஆம் எண் தோட்டாவை மஞ்சள் நிறத்தாற் செய்கின்றனர். கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றுவதும் வெறுமையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நான்காவது, ஓசையைக் கருதுதல். விசை இழுத்தும் வெடிக்கவில்லையெனின், குழல்வாயைக் களத்தின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருத்தல் வேண்டும். தோட்டா காலந்தாழ்த்தும் வெடிக்கலாம். வழக்கத்தினும் மெல்லிய ஓசை எழுந்தால் அடுத்த தோட்டாவை இடலாகாது. துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை நீக்கி, குழலில் அடைப்புண்டோ என ஆராய்தல் வேண்டும்.

இவையன்றிக் கண்ணுக்குக் கண்ணாடியும் செவிக்குக் காப்பும் அணிதல் கடன். துப்பாக்கியின் ஓசை 140 டெசிபலுக்கு மேற்பட்டது. ஒருமுறை கேட்டலே செவியைக் கெடுக்க வல்லது. பொறிமனையுள் ஆள் புகுந்திருக்குங்கால் எல்லாத் துப்பாக்கிகளும் திறந்து வெறுமையாக இருத்தல் வேண்டும். ஈய ரவையும் அதன் தூசும் நஞ்சாதலின், கைகழுவாது உண்ணலாகாது.

இவையெல்லாம் கோழைமையென நகைக்கும் இளைஞரும் உளர். பல்லாண்டு பயின்ற வல்லுநரே இவ்விதிகளை நாடோறும் பிழையாது போற்றுவர் என்பதை அன்னோர் அறிவாராக. 25 தட்டுக்களுள் ஒன்று தப்பினால் மறுநாள் வெல்லலாம். இறைவன் தன் சாயலாகப் படைத்த மனிதனுயிர் போயின், அதனை மீட்டுத்தரும் வல்லமை எவர்க்கும் இல்லை. ஆதலின், துப்பாக்கியைப் பிறர் கையினின்று வாங்குங்கால், அவர் நம் உயிர்த்தோழரே ஆயினும், "தோட்டா இல்லை" என்னும் அவர் சொல்லைக் கேட்டு அமையாது, திறந்து நம் கண்ணாற் காண்போமாக. அவ்வாறு காண்டல் நண்பனை ஐயுறுதல் அன்று. அவன் உயிரை மதித்தலேயாம்.