பேடையின் தேர்வு

பெண்ணின் சாயலுக்கு மயிலை உவமை கூறுதல் நம் புலவர் மரபு. ஆயினும், நாம் வியக்கும் அத்தோகை ஆண்மயிலுக்கே உரியது. பெண்ணுக்கு உவமையான பறவையில் ஆண் இத்துணை அணிபூண்டு நிற்பது எதற்காக என்ற வினா என்னுள் பலகாலும் எழுந்ததுண்டு.

இதே வினா சாள்ஸ் டார்வினையும் அலைக்கழித்தது. வாழ்க்கைப் போராட்டத்திற்கு உதவும் பண்புகளே நிலைபெறும் என்று 1859இல் உரைத்தவர் அவர். ஒன்றரை மீற்றர் வரை நீளும் தோகை எதற்கு உதவும்? மயிலிறகைக் காணுந்தோறும் தமக்குக் குமட்டுகின்றது என்று 1860இல் தாவரவியலறிஞர் ஏசா கிரேக்கு அவர் எழுதினார்.

1871இல் அவர் தம் விடையை விரித்துரைத்தார். துணைக்கான போட்டி இருவகைத்து: சேவல்கள் தம்முள் பொருதல் ஒன்று, பேடை தான் விரும்பியதைத் தேர்தல் மற்றொன்று. தலைமுறை தலைமுறையாகப் பேடைகள் அழகிய தோகையை நாடியமையால் தோகை வளர்ந்தது என்றார்.

சேவற்போரை அறிஞர் எளிதில் ஏற்றனர். பேடையின் தேர்வை ஏற்கப் பலருக்கு மனம் ஒப்பவில்லை. இயற்கைத் தேர்வை டார்வினைப் போலவே தாமும் கண்டறிந்த வொலஸ்கூட அதனை மறுத்தார். பறவைக்கு அழகுணர்ச்சி உண்டோ என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது.

அதனைத் தீர்க்கக் கத்தரிக்கோலும் பசையும் துணையாயின. கென்ய நாட்டுப் புல்வெளிகளில் கரிய குருவியினம் ஒன்று உண்டு; சேவலின் வால் ஏறத்தாழ அரை மீற்றர் நீளமுடையது. சுவீடன் நாட்டறிஞர் மல்ற்றே அண்டர்சன் சில சேவல்களின் வாலை வெட்டிக் குறுக்கினார். வெட்டிய இறகுகளை வேறு சிலவற்றின் வாலில் ஒட்டி நீட்டினார். இன்னுஞ் சிலவற்றின் வாலை வெட்டி, அவற்றின் இறகையே மீண்டும் ஒட்டினார். 1982இல் முடிவு வெளிவந்தது. நீண்ட வாலுடைய சேவல்களின் எல்லைக்குள்ளேயே புதிய கூடுகள் மிகுந்திருந்தன. வால் குறைந்தவையும் தத்தம் எல்லையை இழந்தில. எனவே, வெற்றிக்குக் காரணம் சேவற்போரன்று, பேடையின் விருப்பமே.

மயிலின் வழக்கோ இன்னும் முடிந்திலது. தோகைக்கண்கள் மிக்க ஆணையே பேடைகள் நாடியதாக மரியன் பெற்றி 1991இல் இங்கிலாந்திலிருந்து எழுதினார். ஏழாண்டு ஆராய்ந்த யப்பானியர், அத்தகைய விருப்பத்தைக் கண்டிலோம் என்று 2008இல் அறிவித்தனர். பேடை எதனை நோக்கித் தேர்கின்றது என்பதே இன்றைய வாதம்.

பேடைக்குத் தேரும் ஆற்றல் உண்டென்று ஒப்புவதற்கே அறிவுலகுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. பெண்ணை மயிலென்று பாடிய நாம், அவள் தன் துணையைத் தானே தேரும் உரிமையை எத்துணை மதித்தோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.