ஒரே ஊசி, ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு: டி செல்களின் நினைவாற்றல்

ஆப்பிரிக்கா செல்லும் தமிழ்நாட்டுப் பயணிகள் பலர் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். அதற்குத் தரும் சான்றிதழை முன்பு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதும் செல்லும். பெரும்பாலானோருக்கு ஒரு தவணையே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் சொல்லிவிட்டது.

ஒரே ஊசி இத்தனை காலம் எப்படிக் காக்கிறது? ஆன்டிபாடிகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. அவற்றுக்குத் துணை நிற்பவை, வைரஸ் தொற்றிய செல்களைத் தேடிக் கொல்லும் டி செல்கள்.

ஒரு குறிப்பிட்ட வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் உடலில் மிகச் சொற்பம். தடுப்பூசியில் உள்ள வீரியம் குறைத்த வைரஸைக் கண்டதும் அவை மளமளவெனப் பெருகி, சுமார் இரண்டு வாரங்களில் உச்சத்தைத் தொடுகின்றன. வைரஸ் ஒழிந்ததும் இப்படிப் பெருகிய செல்களில் பெரும்பாலானவை மடிந்துவிடும். எலிகளில் நடந்த ஆய்வுகளில் மிஞ்சியவை 5 முதல் 10 சதவீதம்தான். அவையே நினைவு செல்கள்.

எது மடியும், எது மிஞ்சும் என்பதைக் குருட்டு அதிர்ஷ்டம் மட்டும் தீர்மானிப்பதில்லை. போர் உச்சத்தில் இருக்கும்போதே செல்களுக்குள் வேறுபாடு தெரிகிறது. இன்டர்லூக்கின்-7 என்பது டி செல்களை உயிரோடு வைத்திருக்கும் புரதம். அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியைத் தக்கவைத்த செல்களே பெரும்பாலும் நினைவு செல்களாகின்றன என்பதை 2003-இல் எலி ஆய்வு காட்டியது. அழற்சி கடுமையாக இருந்தால் டி-பெட் என்ற புரதம் செல்லுக்குள் கூடும்; அத்தகைய செல் மூர்க்கமாகப் போரிட்டு விரைவில் மாயும். அழற்சி மிதமானால் நீண்ட ஆயுளுக்கு வாய்ப்பு அதிகம்.

மனிதரிடம் இதை எப்படி அறிவது? அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகக் குழு ஓர் அழகான வழி கண்டது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்கள் முதல் இரண்டு வாரம் கனநீர், அதாவது டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர், குடித்தார்கள். அப்போது பிறந்த செல்களின் டிஎன்ஏவில் அந்த டியூட்டீரியம் பதிந்தது. அந்தத் தடயத்தைக் குழு பின்தொடர்ந்தது. 2017-இல் வெளியான முடிவு இது: நெடுங்காலம் தங்கிய நினைவு செல்கள், அந்த முதல் இரண்டு வாரங்களில் வேகமாகப் பெருகியவற்றின் வாரிசுகளே. அதன் பிறகு அவை ஆண்டுக்கு ஒருமுறைகூடப் பிளவுபட்டுப் பெருகவில்லை. ஆனாலும் மீண்டும் வைரஸ் வந்தால் உடனே களமிறங்கும் ஆயத்தம் அவற்றின் மரபணு அமைப்பில் அப்படியே இருந்தது.

ஆகவே, ஊசி போட்ட சில வாரங்களில் ரத்தத்தில் எத்தனை டி செல்கள் பெருகின என்று எண்ணுவது பாதிக் கணக்குதான். அவற்றில் எத்தகையவை தங்கின என்பதையும் சேர்த்துப் பார்த்தே ஒரு தடுப்பூசியின் தரத்தை எடைபோட வேண்டும்.